யோசப் பாடாத நாலு வரி

ரொறன்ரோவில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாடுகிற தமிழருக்குக் குறைவில்லை. ஆனால் அமெரிக்காவின் நாட்டுப்புறத்துப் பாட்டு முறையில் தமிழில் எழுதிப் பாடுகிறவர் என்றால் மில்லிக்கனில் இருக்கிற எட்வேட் ஒருவர்தான். இதைப் பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரும் கேட்காத ஒன்றைச் செய்ய இரண்டாவது ஆளுக்கு என்ன தலையிடி?

அவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. மன்னாரிலிருந்து அண்ணன் யோசப்போடு எண்பத்தெட்டாம் ஆண்டு கனடாவுக்கு வந்து, பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையொன்றில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெசினில் நின்றார்கள். அங்கே சுப்பவைசராக இருந்த வெள்ளைக்காரக் கிழவன் ரேடியோவில் ஒரே நிலையத்தைத்தான் வைத்திருப்பான். நகரத்தை ஒட்டிக் கிடக்கிற பெரிய ஏரிக்கு அக்கரையில், அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிற நிலையம். பான்ஜோவும் பிடிலும் மவுத் ஓர்கனுமாக நாள் முழுக்க ஓடும். காணி பறிபோனவன் பாடுவான். ரயிலேறிப் போனவள் திரும்பி வரவில்லை என்று இன்னொருத்தன் பாடுவான். கடவுளோடு கோபித்துக்கொண்டு ஒரு கிழவி பாடுவாள். இங்கிலீஷ் அரைகுறையாகத்தான் விளங்கியது, ஆனாலும் எட்வேட் வாளியை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உதெல்லாம் எங்கட கதையெல்லோ?" என்று மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"வாளியைப் பார். கை போயிடும்" என்றார் யோசப். அவர் எப்போதும் அப்படித்தான்.

கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எட்வேட் பாட்டு எழுதத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைக்குப் பின்னால் லொறிகள் வந்து சாமான் ஏற்றுகிற மேடையில் இருவரும் குந்தியிருந்து பாடிப் பார்ப்பார்கள். யோசப்புக்கு இரண்டாம் குரல். சின்ன வயதில் மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவில் பழகியது அது. ராகத்தை ஒருவர் கொண்டுபோக, மற்றவர் அதற்குக் கீழே வேறொரு வழியால் கூடவே போவார். யோசப்பின் குரலைத் தனியே கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் கரகரப்பு. தம்பியின் குரலுக்குக் கீழே அது வந்து நின்றால்தான், ஏணியில் நிற்கிறவனுக்கு யாரோ அடியில் பிடித்துக்கொண்டது போல இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் எட்வேட் மேலே மேலே ஏறிப் பாடினார்.

சனி, ஞாயிறுகளில் பார்ட்டி ஹோல்களில் இருவரும் பாடினார்கள். சனத்துக்கு வேண்டியது பைலாவும் சினிமாப் பாட்டும். அதைக் கொடுத்தார்கள். எல்லாரும் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கப் போன பிறகு, வெறுங்கதிரைகளைப் பார்த்துத் தங்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். யாராவது ஒரு மாமா வந்து, "தம்பியவை, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, கதைக்க ஏலாமல் கிடக்கு" என்பார். யோசப் சிரிப்பார். எட்வேட்டுக்குப் பத்திக்கொண்டு வரும்.

பிறகு எட்வேட் மக்டலீனையும் யோசப் இராஜேஸ்வரியையும் கட்டினார்கள். யோசப் லொறி ஓட்டப் பழகினார், அஜக்ஸில் வீடு மலிவென்று அங்கே போனார். பாட்டு நின்றது. அண்ணன் தம்பிக்குள் சண்டையா என்றால், ஒரு சண்டையும் இல்லை. சண்டை பிடித்திருந்தால் சமாதானம் செய்து வைக்கவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். இது அப்படியே விட்டுப்போனது. மில்லிக்கனிலிருந்து அஜக்ஸுக்கு நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை எட்வேட் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் ஓடியதில்லை. அதுவும் கலியாணமோ செத்த வீடோ என்றால்தான். இப்படியே முப்பது வருடம் போய்விட்டது.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்ததும் எட்வேட்டுக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. எழுதிய பாட்டுகளை ஒரு இசைத்தொகுப்பாக்கிவிட்டுச் சாக வேண்டும். 'ஏரிக்கு அக்கரை' என்று பெயர் வைத்தார். கலியாண வீடுகளுக்கு ஒலியமைப்புச் செய்கிற றமேஸின் பேஸ்மென்டில் ஒலிப்பதிவு. ஒன்பது பாட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஒன்பது வகை. பனியில் கார் சறுக்கின கதைக்குப் பான்ஜோ. பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியை அப்படியே நீட்டி இழுத்து, கறுப்பினத்தவர் பாடுகிற சோகப் பாட்டின் மெட்டில் ஒன்று. அக்கோடியன் வைத்து, கலியாணத்தில் ஆடுகிற மாதிரி ஒன்று. வேலை முடிந்து கோ ரெயினில் நித்திரை தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி விட்பி வரை போய்விட்ட மனிதனைப் பற்றி ஒன்று. மக்டலீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதென்ன, மரக்கறிக் கடையில மிச்சம் மீதியை அள்ளிப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றார். சொன்னவர் கோ ரெயின் பாட்டை மட்டும் குசினிக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

ஒன்பதாவது பாட்டுத்தான் சீவன். 'மத்தியானச் சாப்பாடு' என்று பெயர். தொழிற்சாலை மேடையில் அண்ணனும் தம்பியும் பாணைப் பிய்த்துச் சாப்பிட்ட கதை. தம்பி பாடிக்கொண்டே வருவான்:

ஒரு பாணை ரெண்டாய்ப் பிய்த்தோம், அண்ணா,
பெரிய பாதி எனக்கல்லோ தந்தாய்.

அந்த இடத்தில் வாத்தியமெல்லாம் நின்றுவிடும். அமெரிக்கத் தேவாலயங்களில் பாடுகிற முறை அது. ஒரு தாளமும் இல்லாமல் அண்ணனின் குரல் மட்டும் தனியே நாலு வரி பாட வேண்டும். 'பசியில்லை என்று சொன்னது பொய், தம்பி' என்று தொடங்குகிற நாலு வரி. அதை யோசப்பைத் தவிர வேறு யாரும் பாடக்கூடாது என்பதில் எட்வேட் பிடிவாதமாக இருந்தார். அந்த நாலு வரிக்காகத்தான் மற்ற எட்டுப் பாட்டும் என்று கூடச் சொல்லலாம்.

யோசப்புக்கோ நுரையீரல் வருத்தம். மூக்கில் ஒட்சிசன் குழாய். இனி மாதத்துக்கு மாதம் மூச்சுக் குறைந்துகொண்டுதான் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எட்வேட் பயந்து பயந்துதான் போன் எடுத்தார்.

"பாடவோ? நானோ?" என்றார் யோசப். இருமி முடிய நேரம் எடுத்தது. "எப்ப வரச் சொல்லுறாய்?"

எட்வேட் போனை வைத்துவிட்டு மக்டலீனைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கிழமை முழுக்க மனிதர் நிலத்தில் நிற்கவில்லை.

இந்த நகரத்தில் மாப்பிள்ளை கிடைக்கும் முன்னரே மண்டபம் பிடிக்க வேண்டும். ஆகவே வெளியீட்டு விழாவுக்குக் கோயில் மண்டபம் ஏற்கெனவே பிடித்தாயிற்று. விழாவை அறிவிக்கப் பிளையர் அடிக்க வேண்டும். பிளாசாவில் அச்சகம் வைத்திருக்கிற விநாயகமூர்த்தியிடம் எட்வேட் போனார். தன்னுடைய படம் ஒன்று, யோசப்பின் பழைய படம் ஒன்று, கீழே 'என் அண்ணன் யோசப்புக்குச் சமர்ப்பணம்' என்று போடும்படி சொன்னார். விநாயகமூர்த்தி நல்ல மனிதர். ஆனால் அவருடைய தொழிலில் முக்கால்வாசி நினைவஞ்சலிதான். முப்பத்தோராம் நாள், ஓராண்டு நினைவு, கண்ணீர் அஞ்சலி என்று வருடக்கணக்காக அடித்து அடித்து, ஒரு ஆளின் பழைய படமும் சமர்ப்பணம் என்ற சொல்லும் ஒன்றாக வந்தால் கை தன்பாட்டில் வேலை செய்யும். யோசப்பின் படத்தைச் சுற்றிப் பூ வளையம் வந்தது. பக்கத்தில் எரிகிற மெழுகுதிரியும் வந்தது. மாதிரியைப் போனுக்கு அனுப்பினார். எட்வேட் கண்ணாடி போடாமல் பார்த்தார். தன்னுடைய படம் நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். "திறம், அனுப்புங்கோ" என்றார்.

மத்தியானத்துக்குள் பிளையர் வாட்சப்பில் மார்க்கம் தொடங்கி மொன்றியால் வரை போய்விட்டது. ஆழ்ந்த இரங்கல் என்று ஒருவர் போட்டார். பைலா யோசப் அண்ணையும் போயிட்டாரா என்று இன்னொருவர். லண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரி இராஜேஸ்வரிக்குப் போன் எடுத்து, ஹலோ சொல்லும் முன்னரே குரல் வைத்து அழுதார். அந்தப் போனை எடுத்தது யோசப்.

எட்வேட் அச்சகத்துக்கு ஓடினார். விநாயகமூர்த்திக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயோ, இருக்கிறாரே? நான் இல்லையெண்டெல்லோ நினைச்சன். நீங்கள் வேதக்காரர் எண்டதால குத்துவிளக்கை எடுத்திட்டு மெழுகுதிரி வைச்சனான், அண்ணை. பாத்துப் பாத்துத்தான் செய்தனான்."

அவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? மெழுகுதிரி இல்லாத புதுப் பிளையர் அன்று பின்னேரமே போனது. ஆனால் செத்த செய்தி நெடுஞ்சாலையில் போனது, திருத்தம் தரிப்புக்குத் தரிப்பு நிற்கிற ஸ்டீல்ஸ் வீதிப் பஸ்ஸில்தான் போனது. அரைவாசிப் பேருக்கு மேல் அதைத் திறந்து பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் எட்வேட் அஜக்ஸுக்குப் போனார். இராஜேஸ்வரி ஏசுவார் என்று நினைத்துக்கொண்டு போனார். அவர் ஏசவில்லை. கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி" என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யோசப் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ஒட்சிசன் மெசின் உறுமிக்கொண்டிருந்தது. எட்வேட் நினைத்ததிலும் பார்க்க ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"அண்ணை, அது அந்தாள் விட்ட பிழை. நான் கண்ணாடி போடாமல்..."

"உது கிடக்கட்டும்" என்றார் யோசப். "பாட்டைப் போடு. கேப்பம்."

எட்வேட் போனில் ஒன்பதாவது பாட்டைப் போட்டார். யோசப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாத்தியம் நிற்கிற இடம் வந்ததும், வெறுமையாக இருந்த அந்த நாலு வரி நேரத்தில் மெசின் மட்டும் உறுமியது. தான் பாட வேண்டிய வரிகளை யோசப் கடதாசியில் வாங்கி வாசித்தார். சிரித்தார். சிரிப்பு இருமலாகிப் போனது.

"பசியில்லை எண்டது பொய்யோ? எனக்கு அண்டைக்கு மெய்யாவே பசியில்லையடா. வயித்துக்குள்ள குத்து. பிறகு ஒப்பரேசன் செய்தது. உனக்குத் தெரியுமோ?"

எட்வேட்டுக்குத் தெரியாது.

"நல்ல பாட்டு" என்றார் யோசப் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனால் தம்பி, மெழுகுதிரி வைச்சவனில பிழையில்லை. பாட்டுக்கு ஏத்த மாதிரித்தான் வைச்சிருக்கிறான். உதில வாற யோசப்புக்கு முப்பத்துநாலு வயசு. அவன் பாணைத் தந்திட்டுப் போயிட்டான். பிறகு அவனைக் காணேல்ல. இராஜேஸ்வரி இல்லை, என்ர பிள்ளையள் இல்லை, இந்தக் குழாய் இல்லை. ஒன்பது பாட்டிலயும் தேடினாலும் நான் இல்லை. செத்தவனுக்குத்தான் நீ எழுதியிருக்கிறாய்."

"அண்ணை, அப்பிடிச் சொல்லாதையுங்கோ."

"நான் கோவத்தில சொல்லேல்ல. இருக்கிற யோசப்பைப் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டு வா. மூச்சுப் போனாலும் வந்து பாடுறன். உதைப் பாடமாட்டன்."

எட்வேட் வீட்டுக்கு வந்த வேகத்தில் கிற்றாரை எடுத்துக்கொண்டு குந்தினார். நாலு வரி என்ன பெரிய காரியமா? மன்னார்க் கடலுக்கும் நானூற்றொன்றுக்கும் கோ ரெயினுக்கும் எழுதின மனிதர். 'அஜக்ஸில் ஒரு கதிரையில் அண்ணன் இருக்கிறார்' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

காலையில் எழும்பி அண்ணன் என்ன செய்வார்? தெரியாது. லொறி ஓட்டின காலத்தில் எங்கெங்கே போனார்? அமெரிக்கா முழுக்கப் போனதாக ஒரு கேள்வி. எட்வேட் ரேடியோவில் மட்டும் கேட்டு உருகின ஊர்களையெல்லாம் அவர் கண்ணால் பார்த்திருப்பார். என்ன பார்த்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர்? பெரியவள் அட்சயா. மற்றவன்? நினைவில்லை. எந்தக் கறி பிடிக்கும், ஆருக்காகச் செபிக்கிறார், சாகப் பயப்படுகிறாரா? ஒரு இழவும் தெரியாது. தொழிற்சாலை மேடையில் அண்ணன் கால் ஆட்டிய விதம் தெரியும், பாணில் மாஜரீன் பூசிய விதம் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சமில்லாத அறை.

"உதுக்கேன் தலையைப் போட்டு உடைக்கிறியள்?" என்றார் மக்டலீன். "போய்ப் பக்கத்தில இருந்து கேளுங்கோவன். இல்லாட்டி அண்ணிக்கு ஒரு போன் எடுங்கோ."

நல்ல யோசனைதான். எட்வேட் போனைக் கையில் எடுத்தார். என்னவென்று கேட்பது? அண்ணி, என்னுடைய அண்ணன் எப்படிப்பட்டவர் என்றா? முப்பது வருடம் கேட்காமல் இருந்துவிட்டு, பாட்டுக்கு வரி தேவைப்படும்போது கேட்கிறான் என்று நினைக்கமாட்டார்களா? அப்படி நினைத்தால் அது பொய்யுமில்லையே. வெட்கம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு எடுப்போம் என்று போனை வைத்தார். பிறகும் நாளைக்கு என்றார். வெட்கம் கெட்டவனுக்கு இந்த உலகத்தில் எவ்வளவு நன்மை என்று அந்தக் கிழமைகளில் அவருக்கு விளங்கியது.

விழா நாள் கிட்ட வந்தது. "அங்கிள், அந்த இடத்தை வெட்டி ஒட்டிவிடுறன், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் றமேஸ். எட்வேட் சம்மதிக்கவில்லை. இல்லாவிட்டால் நீங்களே இரண்டு குரலையும் பாடுங்கள் என்றார் றமேஸ். அதற்கும் எட்வேட் முடியாது என்றார். அந்த நாலு வரி நேரம் வெறுமையாகவே இசைத்தட்டில் பதிந்தது. கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இராஜேஸ்வரிக்குப் போன் எடுத்தார். கேட்க நினைத்த ஒன்றையும் கேட்கவில்லை. விழாவுக்கு வரச் சொல்லி மட்டும் கேட்டார்.

"அவர் இப்ப படியே இறங்கமாட்டார், தம்பி. லைவ்வில போடுவினமாம் எண்டு சொல்லிச்சினம். ரீவியில போட்டு இருந்து பாக்கிறம்."

மண்டபம் நிறைந்திருந்தது. எட்வேட்டின் பாட்டுக்கு வாழ்நாளில் இவ்வளவு சனம் வந்ததில்லை. அமெரிக்கப் பாட்டைக் கேட்க வந்தவர்கள் முதல் இரண்டு வரிசை இருந்திருக்கலாம். மற்றவர்கள் யோசப்புக்காக வந்தவர்கள். பலர் கறுப்பு உடுத்திருந்தார்கள். கதவடியிலேயே எட்வேட்டின் கையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தார்கள். அண்ணை இருக்கிறார், இருக்கிறார் என்று அவர் முதல் சிலருக்குச் சொன்னார். "ஓம், எங்களோடதான் இருக்கிறார்" என்று அவர்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். கமராவுக்குப் பக்கத்தில் நின்ற றமேஸ், லைவ் போகிறது என்று கையால் காட்டினார்.

பேச்சுகள் முடிந்து, முதற் பிரதி கொடுத்து, படம் எடுத்து, கடைசியில் எட்வேட் மேடையில் தனியே நின்று பாடினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பாடினார். ஒன்பதாவது பாட்டு வந்தது. பின்னணியில் றமேஸ் தட்டை ஓடவிட்டார். பாணைப் பிய்த்த இடம் வந்தது. பெரிய பாதி எனக்கல்லோ தந்தாய் என்று பாடி நிறுத்தினார். வாத்தியமெல்லாம் நின்றன. எட்வேட் மைக்குக்கு முன்னால் வாய் மூடி நின்றார்.

எங்களுடைய சனத்துக்கு மேடையில் திடீரென்று அமைதி வந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். செத்தவர்களை நினைத்து எழுந்து நிற்கிற அகவணக்கம் இல்லாமல் ஒரு விழாவும் இந்த நகரத்தில் நடந்ததில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழும்பினார். பக்கத்திலிருந்தவர் எழும்பினார். கதிரைகள் பின்னால் தள்ளுப்படுகிற சத்தம் வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. மண்டபம் முழுக்க எழுந்து, கை கட்டி, தலை குனிந்து நின்றது. மக்டலீன் மட்டும் கதிரையில் இருந்தபடி புருசனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று அவருடைய வாய் அசைந்தது.

அஜக்ஸில் அண்ணன் ரீவிக்கு முன்னால் இருந்து இதைப் பார்க்கிறார் என்பது எட்வேட்டுக்குத் தெரியும். மைக் வாய்க்கு நேரே இருந்தது. என் அண்ணன் இருக்கிறார், எல்லாரும் கதிரையில இருங்கோ என்று சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தார். இருக்கிறார் என்றால் அடுத்து என்ன சொல்வது? எப்படி இருக்கிறார், என்ன செய்துகொண்டு இருக்கிறார், ஆராக இருக்கிறார்? தொண்டைக்குள் தேடினார். பாணும் மாஜரீனும் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

தலைகளெல்லாம் குனிந்தபடியே இருந்தன. எட்வேட் கமராவைப் பார்த்தார். பிறகு அவரும் தலை குனிந்தார்.